பசுவைத் தாண்டி என்ன தெரிகிறது?

பால் சங்கத்தின் குளிர்தொட்டி உயிரை விட்ட அன்றைக்குச் சங்கத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. செயலாளர் டீ குடித்தார். காவலாளி காது குடைந்தார். தொட்டி மட்டும் கடைசியாக ஒருதரம் உறுமி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கியது. அன்றைய சாயங்காலப் பால் மொத்தமும் திரிந்துபோனது.

திரிந்ததில் கெட்டியாரின் கேனும் ஒன்று. பாலில் தண்ணீர் விடாததால்தான் ஊர் தன்னைக் கெட்டியார் என்கிறது என்று அவர் நம்பியிருந்தார். மண்டையைத் தட்டிப் பார்த்துத்தான் அந்தப் பேர் வைத்தார்கள் என்று அவர் வீட்டுக்காரி நம்பியிருந்தாள். இரண்டுமே சரி.

சாயங்காலம் கறந்த பாலை வெயில் இறங்குவதற்குள் சங்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பால் லாரி வரும்போது வரும். தொட்டி ஓடின காலத்தில் லாரி எப்போது வந்தால் யாருக்கென்ன, பால் உள்ளே சில்லென்று கிடக்கும். இப்போது கேன்கள் தகரக் கொட்டகைக்கடியில் வரிசையாக வேகின்றன. லாரிக்காரர் இருட்டும் நேரத்துக்கு வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூக்கை நீட்டுவார். "திரிஞ்சிருச்சு" என்பார். "இதுவும்" என்பார். திறக்காமலே சில கேன்களை "இதுவும்" என்பார். அவர் மூக்குக்கு அப்பீல் கிடையாது.

கெட்டியாருக்கு இருந்தவை மூன்று மாடு. இரண்டு, தீனி தின்றதற்குச் சாணி போட்டுக் கணக்கை நேர் செய்கிற ரகம். மூன்றாவது வெள்ளச்சி. அப்போதுதான் கன்று ஈன்றிருந்தாள். குடும்பம் ஓடினது அவள் மடியில்தான். அவள் பால் நாலு நாள் சேர்ந்தாற்போலத் திரும்பி வந்ததும் ஐந்தாம் நாள் காலையில் வேலியோரம் மாட்டுத் தரகர் வந்து நின்றார்.

"என்ன அண்ணே, பால் திரும்பி வருதாமே" என்றார், குரலில் அவ்வளவு துக்கம். "கேட்டதிலேருந்து எனக்குச் சோறு இறங்கல."

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்கு அவர் ஒன்றுவிட்ட உறவு. கண் கெட்டியாரிடம் பேசும்போதே வெள்ளச்சியின் மடியை அளந்துகொண்டிருந்தது.

"விக்கிற மாடு இங்க இல்ல" என்றார் கெட்டியார்.

"விக்கச் சொன்னேனா? சும்மா விசாரிச்சேன். மனுசன் மனுசனை விசாரிக்கக் கூடாதா?"

அவர் போன பிறகு வீட்டுக்காரி சாணிக் கூடையை இறக்கிவைத்தாள். "இப்படியே போச்சுன்னா அவன் நாளைக்குக் கயிறோட வருவான். போய்த் தொட்டியை என்னன்னு கேளு. சண்டை போடாமக் கேளு."

கெட்டியார் சண்டை போடாமல் கேட்பதற்காகவே சங்கத்துக்குப் போனார். 'குறை சொல்லும் இடம்' என்ற பலகையைத் தேடினார். அதன்மேல் புதிதாக வெள்ளையடித்து 'வாய்ப்பு சொல்லும் இடம்' என்று எழுதியிருந்தது. வெள்ளைக்கடியில் பழைய 'குறை' இன்னும் லேசாகத் தெரிந்தது. பலகைக்குக் கீழே அதே செயலாளர்.

"தொட்டி ஓடல. யாரையாவது கூட்டியாந்து பாருங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது."

"வேற எப்படிச் சொல்லணும்? தொட்டி நிக்குது."

"அதுவும் குறைதான். இப்ப மேலிடத்துல குறைன்னு போனா வாங்குறதில்ல. வாய்ப்புன்னு போகணும்."

"பால் நாறுதய்யா. அதுல என்ன வாய்ப்பு?"

"அதை உங்களுக்குக் கத்துக்கொடுக்கத்தான் ஒரு அதிகாரி வர்றாரு. பால்காரங்க புதுத் தொழில் வாய்ப்பைக் கண்டுபிடிக்கணும், அதுக்கு ஒரு மையமே திறக்கிறாங்க. நீங்க மட்டும் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா தொட்டியெல்லாம் தன்னால சரியாயிடும்."

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது வீட்டுக்காரி கேட்டாள்: "தன்னால சரியாக அது என்ன சளிக்காய்ச்சலா?"

ஆனால் அந்த வாரமே ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்து தொட்டியைப் பெயர்த்து வெளியே எடுத்தார்கள். கெட்டியார் கூடவே நின்று ஒரு கை பிடித்தார். ரிப்பேருக்குத்தான் போகிறது என்று நினைத்தார். அவர் மச்சினனும் அப்படித்தான் நினைத்தான். அவனும் பால்காரன்தான். ஆனால் வாய்தான் அவனுக்கு முதல் தொழில். "பாத்தியா மாமா, சர்க்கார் கண்ணைத் திறந்திருச்சு" என்றான்.

தொட்டி வாசல்வரைதான் போயிற்று. அங்கே ஒரு மேடை கட்டி அதை ஏற்றினார்கள். மேலே நீலச் சாயம் அடித்து, உள்ளே மண் கொட்டிப் பூச்செடி நட்டார்கள். 'நேற்றைய பிரச்சினை, இன்றைய வாய்ப்பு' என்று முன்னால் ஒரு கல் பதித்தார்கள். தொட்டி இருந்த அறைக்குப் பளபளவென்று தரை போட்டு, கண்ணாடிச் சன்னல் வைத்து, பஞ்சு நாற்காலி போட்டு, இரண்டு ஏசி மாட்டினார்கள். பாலைக் குளிர வைத்த அறை, பாலைப் பற்றிப் பேசுகிறவர்களைக் குளிர வைக்கிற அறையானது.

"கண்ணைத் திறந்திருச்சுன்னு சொன்னியே மச்சான், எதைப் பாத்துத் திறந்துச்சு?" என்றார் கெட்டியார். மச்சினன் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான்.

வாய்ப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். சிவப்பாக, சிரித்த முகமாக, புதுச் செருப்போடு இருந்தார். சாயங்காலம் பால் கொண்டுவருகிற நேரத்துக்கு வகுப்பு. முதல் நாள் வந்தது ஆறேழு பேர். வெளியே ஒரு நாய் கெட்டியாரின் கேனையே சுற்றிச் சுற்றி வந்ததால் அவர் மட்டும் கேனை உள்ளே கொண்டுபோய் நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி பேசினார்: "இதுக்கு முன்னாடி நான் மீன்துறையில் இருந்தேன். அங்கே மீனவர்களுக்கு வாய்ப்புகளைக் காட்டினேன். இன்னைக்கு அங்கே மீன் இல்லை. ஆனால் வாய்ப்பு இருக்கு. கைதட்டலாம்."

ஒருவர் தட்டினார். அவர் காவலாளி.

"நான் இதுவரைக்கும் ஒரு பசுவைத் தொட்டதில்லை. ஏன்? தொட்டுட்டால் பசுதான் தெரியும். தூரத்தில் நின்னால்தான் வாய்ப்பு தெரியும். எல்லாரும் கண்ணை மூடுங்க. மனசில் உங்க பசுவைக் கொண்டுவாங்க. வந்துட்டதா? இப்போ பசுவைத் தாண்டிப் பாருங்க. ஐயா, நீங்க சொல்லுங்க. பசுவைத் தாண்டி என்ன தெரியுது?"

கெட்டியார் கண்ணை மூடியபடியே எழுந்தார். "சாணி."

"சாணியைத் தாண்டி?"

"என் வீட்டுக்காரி. இன்னும் அள்ளலையான்னு நிக்கிறா."

"அருமை. இதுதான் குறுகிய பார்வை. உட்காருங்க."

பிறகு அவர் திரையில் படம் காட்டினார். ஒரு ஊரில் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்கே ஆட்கள் வருகிறார்களாம். இன்னொரு ஊரில் சாணியை முகத்தில் பூசிக்கொள்கிறார்களாம். "அதுக்கு வெள்ளச்சி வாலைச் சுத்தும்போது பின்னாடி நின்னாப் போதுமே" என்று மச்சினன் முணுமுணுத்தான். கெட்டியாருக்கு அது காதில் விழவில்லை. ஏசிக் காற்று நெற்றியில் பட, எருமை குட்டையில் இறங்கின சுகத்தோடு தூங்கிவிட்டார்.

லாரிச் சத்தம் கேட்டுத்தான் விழித்து, கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். லாரிக்காரர் கொட்டகையில் "இதுவும், இதுவும்" என்று சொல்லிக்கொண்டே வந்து கெட்டியாரின் கேனைத் திறந்தார். மூக்கை நீட்டினார். இன்னொருதரம் நீட்டினார். கேனைச் சந்தேகமாகத் தூக்கி லாரியில் கவிழ்த்தார்.

காலிக் கேனோடு வீட்டுக்கு வந்தவரை வீட்டுக்காரி முறைத்தாள். "எங்க கொட்டின?"

"லாரியில."

"நம்ம பாலையா?"

"வகுப்புக்குப் போனேன்" என்றார் கெட்டியார். அதற்குமேல் அவருக்கே விளங்கவில்லை. சோற்றில் கை வைத்தபோதுதான் பொறி தட்டியது. பாலுக்குப் படிப்பு ஏறவில்லை. குளிர்தான் ஏறியிருந்தது.

மறுநாளும் போனார், கேனோடு. அன்றும் பால் கெடவில்லை. மச்சினனிடம் சொன்னார். மச்சினனிடம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று. அந்த வாரக் கடைசியில் கூடம் நிரம்பி வழிந்தது. நாற்காலிக்கடியில் இடம் போதாமல் நாற்காலிமேல் கேனை வைத்தார்கள். கேன் உட்கார்ந்துவிட்டால் ஆள் எங்கே உட்காருவது? அவர்கள் வெளியே பூச்செடி மேடையோரம் நின்று பீடி பிடித்தார்கள். கேன் மூடிமேல் ஆளுக்கொரு துண்டைப் போட்டுவிட்டு வந்தார்கள், எந்தக் கேன் யாருடையது என்று தெரிய.

அதிகாரி கேன்களுக்கு வகுப்பெடுத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர் அவர். ஒருநாள் திரும்பிப் பார்த்துத் துண்டுகளை எண்ணிக்கொண்டார். அன்று செயலாளரிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னாராம்: "இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு அமைதியான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒருத்தர்கூடக் குறுக்கே பேசுவதில்லை. என்ன உள்வாங்குகிறார்கள்."

லாரிக்காரரும் ஒழுங்காகப் பால் எடுத்தார். தரகர் வேலிப்பக்கம் வருவதை நிறுத்தினார். வெள்ளச்சி நிம்மதியாக அசை போட்டாள். அந்த மட்டில் விட்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும்.

நல்லது நடக்கிறது என்று தெரிந்தால் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வராமல் இருப்பாரா? வந்தார். கூடவே நாலு வண்டி நிறைய சின்ன அதிகாரிகள். அன்றைக்கு மட்டும் ஆட்கள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று செயலாளர் கெஞ்சியதால் கேன்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் குளிர்ந்த பிள்ளையை மடியில் வைத்தாற்போல இருந்தார்கள்.

"இங்கே யாராவது ஒருத்தர் சொல்லணும். இந்த மையத்தால் நீங்க கண்டுபிடிச்ச வாய்ப்பு என்ன?" என்றார் பெரிய அதிகாரி.

மச்சினன் கெட்டியாரின் விலாவில் இடித்தான். "எதுவும் சொல்லாத மாமா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கெட்டியார் எழுந்தார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது என்றில்லை. சோம்பல்.

"இந்த ரூம் குளிரா இருக்குங்க. உள்ள வெச்சா பால் கெடல. அதான் வாய்ப்பு. வாசல்ல பூச்செடி வெச்சிருக்கீங்களே, அந்தத் தொட்டியை ரிப்பேர் பண்ணிக் குடுத்திட்டா இந்த வகுப்பு தேவையே இல்ல."

வாய்ப்பு அதிகாரியின் முகம் திரிந்த பால்போல ஆனது. பெரிய அதிகாரி எழுந்தார். பிறகு கைதட்டினார். பின்னாலிருந்த சின்ன அதிகாரிகள் எதற்கென்று தெரியாமல் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"கவனிச்சீங்களா? இந்தப் பெரியவர் எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லியிருக்கார். குளிர்ந்த அறையில்தான் விவசாயிக்கு மூளை வேலை செய்யுது. குளிர்தொட்டி இருந்த அறைதான் வாய்ப்புக்கு ஏற்ற அறை. இதை எல்லா ஊரிலேயும் செய்யணும். எல்லாத் தொட்டியையும் வெளியே எடுங்க."

"ஐயா, மத்த ஊர்ல தொட்டி நல்லா ஓடுதுங்க" என்றார் கெட்டியார்.

"ஓடட்டும். வாசலிலும் ஓடலாம்" என்றார் பெரிய அதிகாரி. "இன்னொண்ணு. இந்த அருமையான கூடத்தில் தகரக் கேன் எதுக்கு? படிக்கிற இடத்தில் பாத்திரமா? நாளையிலேருந்து கேன் உள்ளே வரக் கூடாது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். வெளியே வந்ததும் மச்சினன் சொன்னான்: "உன் வாயில ஒரு மூடி போட்டிருக்கலாம் மாமா. கேனுக்காவது இருக்கு."

மறுநாளிலிருந்து கேன்கள் கொட்டகைக்குப் போயின. ஆட்களும் வகுப்பை விட்டுப் போனார்கள். லாரிக்காரர் மறுபடி "இதுவும்" என்றார். தரகர் மறுபடி வேலியோரம் வந்தார், இந்தத் தடவை வெற்றிலை பாக்கோடு. "பால் குடிக்கிற புள்ளைங்க சாபம் சும்மா விடாது அண்ணே அவங்களை" என்று யாரையோ திட்டினார். வெள்ளச்சியின் முதுகைத் தடவினார். அவள் நகர்ந்துகொண்டாள்.

வீட்டுக்காரி அன்று கெட்டியாரிடம் பேசவில்லை. அவள் திட்டினால் தாங்கலாம். பேசாமல் இருந்தால் வீட்டில் சுவர் நெருங்கி வரும்.

அப்போது ஒரு நல்ல காரியம் நடந்தது. கூடத்தில் ஏசி நின்றுபோனது. வகுப்புக்கு ஒருவரும் வராத கூடத்தில் வாய்ப்பு அதிகாரி தனியாக வேர்த்து ஒழுகினார். சட்டைப்பைக் கைக்குட்டை நனைவதற்குள் மெக்கானிக் வந்து இறங்கினான், மூன்று ஆட்களோடு. தொட்டி செத்து இத்தனை காலம் ஆகியும் கண்ணில் படாத மெக்கானிக். அதிகாரி அவனிடம், "இது ரொம்ப அவசரமான பிரச்சினை" என்றார். பிரச்சினை என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் சொல்ல அவருக்கு மட்டும் அனுமதி இருந்தது போல.

அவன் வேலை முடிந்து படியிறங்கும்போது கெட்டியார் மடக்கினார். "தம்பி, இந்தத் தொட்டியைக் கொஞ்சம் பாரேன்."

அவன் பூச்செடிக்கடியில் தலையை விட்டுப் பார்த்தான். "ஒரு சாமான் போயிருக்கு பெரியவரே. ஆனா இப்பக் கடையில கிடைக்காது. இதே மாதிரித் தொட்டி இன்னொண்ணு இருந்தா அதுலேருந்து கழட்டலாம்."

பக்கத்து ஊரில் இருந்தது. முந்தாநாள்வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதையும் பெயர்த்து, மேடை கட்டி வாசலில் ஏற்றி, செடி வாங்க ஆள் அனுப்பியிருந்தார்கள். அந்த ஊர்ப் பால்காரர்களே கழற்றிக் கொடுத்தார்கள். "எங்களுக்குத்தான் இல்லாமப் போச்சு, நீங்களாவது நல்லா இருங்க" என்றார்கள். உங்க ஊர்ப் பெரியவர் யாரோ வாயைக் கொடுத்தாராமே என்றும் கேட்டார்கள். கெட்டியார் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டார்.

மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். வீட்டுக்காரி சாம்பலும் வெந்நீரும் கொண்டுவந்து தொட்டியின் உள்ளே இறங்கித் தேய்த்தாள். பூச்செடிகளைச் சங்கத்துச் சுவரோரம் மரியாதையாகவே நட்டார்கள். சாமான் மாட்டி வயர் இழுத்ததும் தொட்டி ஒரு உறுமல் உறுமி ஓட ஆரம்பித்தது. மேடைமேல், நீலச் சாயத்தோடு, வாசலில். அன்று லாரிக்காரர் ஒருமுறைகூட மூக்கை நீட்டவில்லை. அவருக்கே ஒருமாதிரி இருந்திருக்க வேண்டும், போகும்போது வெறுங்காற்றை மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரி மறுபடி திட்ட ஆரம்பித்தாள். வீடு வீடானது.

விசாரணைக்குப் பெரிய அதிகாரியே வந்தார். கெட்டியாரை நடுக் கூடத்தில் நிற்க வைத்தார்கள்.

"தொட்டி ஓடுதுன்னு ஒத்துக்கிறீங்களா?"

"ஓடுதுங்க. சத்தம் கேக்குதே."

"வாய்ப்புச் சின்னத்தைச் சேதப்படுத்தியிருக்கீங்க. புரியுதா?"

"ரிப்பேர் பண்ணினோமுங்க."

"அதைத்தான் சொல்றேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படாமல், பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "பெரியவரே, இந்த மையத்தோட வேலை என்ன? வாய்ப்பைக் காட்டுறது. பிரச்சினை இருந்தால்தான் வாய்ப்பு இருக்கும். நீங்க பாட்டுக்குப் பிரச்சினையைத் தீர்த்துட்டால் நாங்க எதைக் காட்டுறது? நாங்க இத்தனை பேர் எங்கே போறது? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?"

கெட்டியாருக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அந்தப் பரிதாபம் வந்ததற்காகத் தன்மேல் எரிச்சல் வந்தது.

தொட்டியின் வயரைப் பிடுங்கிச் சீல் வைத்தார்கள். மறுபடி மண், மறுபடி பூச்செடி. கூடவே புதிதாக ஒரு உத்தரவு: வகுப்பில் உட்காராதவர் பாலைச் சங்கம் எடுக்காது. உட்கார்ந்தவர் பாலை எடுக்கும், கெடாமல் இருந்தால்.

இப்போது எல்லாரும் குளிரில் உட்கார்ந்தார்கள். பால் வெக்கையில் உட்கார்ந்தது.

மூன்று நாள் கேன் திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம். அதிகாரி உற்சாகமாக இருந்தார். கூட்டத்தைப் பார்த்து, "இன்னைக்குக் கண்ணை மூட வேண்டாம். சன்னல் வழியாகப் பார்ப்போம். பார்வை விரியணும்" என்றார். அவர் விரல் சுற்றிவந்து கெட்டியாரிடம் நின்றது. "ஐயா, நீங்க சொல்லுங்க. என்ன தெரியுது?"

கெட்டியார் எழுந்து கண்ணாடி வழியே பார்த்தார். "பூச்செடி வெச்ச தொட்டி."

"தொட்டியைத் தாண்டி?"

"எங்க கேனுங்க. வெக்கையில வேகுது."

"கேனைத் தாண்டி?"

கெட்டியார் எட்டிப் பார்த்தார். கொட்டகைக்கு அப்பால், தெருவோரம், அவர் வீட்டுக்குத் திரும்புகிற முனையில் மாட்டுத் தரகர் நின்றிருந்தார். அவசரமே இல்லாமல் நின்றிருந்தார். கையில் புதுக் கயிறு.

"தரகர் தெரியுறாரு ஐயா."

"யார் அவர்? பால்காரரா? ஏன் வெளியே நிக்கிறார்? வகுப்புக்கு வரச் சொல்லுங்க. வாய்ப்பைக் கண்டுபிடிக்க அவரும் கத்துக்கட்டும்."

"அவருக்கு வேண்டாமுங்க" என்றார் கெட்டியார். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே அவர் கண்டுபிடிச்சிட்டாரு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலிகளை விலக்கி வாசலை நோக்கி நடந்தார். மச்சினன் "மாமா" என்று கூப்பிட்டான். திரும்பவில்லை. கதவு திறந்தபோது வெயில் ஒரு விநாடி உள்ளே வந்துவிட்டுப் போனது.

அதிகாரி மகிழ்ச்சியோடு பலகைப் பக்கம் திரும்பினார். சுண்ணக்கட்டியை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினார்: 'இன்று ஒருவர் வெளியேறித் தொழிலில் இறங்கினார்.' கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, எஞ்சியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்:

"அடுத்தது யார்?"